ஆசிரியரின் கமராவும் மாணவரின் கண்ணும்

கண்ணாற் கண்டதற்குச் சான்று வேண்டுவதில்லை என்பர். ஒளிப்படம் தோன்றிய நாள்முதல் அப்பெருமையில் அதற்கும் பங்கு கிடைத்தது. ஓவியன் தன் கற்பனையைக் கலந்து வரையக்கூடும். கமராவோ தன்முன் நின்றதையன்றி வேறெதனையும் பதியாது என மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மையாகாது. கமரா எங்கே நிற்றல் வேண்டும், எவ்வளவு உயரத்தில் நிற்றல் வேண்டும், எதனைச் சட்டத்துள் அடக்கி எதனை வெளியே விடுதல் வேண்டும், எக்கணத்தில் ஒளியை உட்புக விடுதல் வேண்டும் என்பனவற்றைக் கமரா அறியாது. அதன் பின்னால் நிற்பவரே அவற்றைத் தீர்மானிக்கின்றார். படவமைப்பு என்று கூறப்படுவது இத்தீர்மானங்களின் தொகுதியே. அழகுணர்ச்சியுடையோர் பொழுதுபோக்காகப் பயிலும் ஒன்றென அதனை எண்ணுவோர் பலர். ஆவண ஒளிப்படத்தின் வரலாற்றைக் கற்கப் புகும் மாணவரோ, சாட்சியம் நம்பப்படுவதும் தள்ளப்படுவதும் பெரும்பாலும் அவ்வமைப்பினாலேயே என்பதை விரைவில் உணர்வர். நியூயோர்க் நகரத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்த லூயிஸ் ஹைன், அங்கு அவரிடம் பயின்ற போல் ஸ்ட்ராண்ட் ஆகிய இருவரின் வரலாற்றிலே இதனைத் தெளிவாகக் காணலாம்.

இத்துறைக்கு ஆவணப்படம் என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்றுப் பிற்காலத்திலேதான். ஸ்கொத்லாந்தவரான ஜோன் கிரியர்சன், 1926-ஆம் ஆண்டு ‘மொவானா’ என்னும் திரைப்படத்தை மதிப்பிட்டு எழுதியபோது அச்சொல்லை ஆண்டார். இலங்கையைப் பற்றி பசில் றைற் ஆக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ 1934-இல் உருவானபோது அதன் தயாரிப்பாளராக நின்றவரும் அவரே. பெயர் பிந்தியதாயினும் செயல் முந்தியது. டென்மார்க்கிற் பிறந்து நியூயோர்க்கிலே பொலிஸ் செய்திகளை எழுதிவந்த ஜேக்கப் றீஸ், 1887-ஆம் ஆண்டளவில், மகனீசியத் தூளைக் கொளுத்திப் பெற்ற ஒளியைக் கொண்டு, பகலிலும் இருண்டு கிடந்த சேரிகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். அப்படங்களுடன் அவர் எழுதிய நூல் 1890-இல் வெளிவந்தது. ஒருமுறை கண்ணிழந்த இரவலர் சிலர் வாழ்ந்த அறையிலே தூளைக் கொளுத்தியபோது, சுவரிலே தொங்கிய கந்தல்களில் தீப்பற்றிக்கொண்டது. அதனை அவரே அணைக்க நேர்ந்தது. றீஸின் படங்கள் பலவற்றில் மக்கள் திடுக்கிட்டு விழிக்கின்றனர். எதிர்பாராத வேளையில் அறையுட் புகுந்தவரின் ஒளிக்குக் கூசிய கண்கள் அவை. வறுமை அங்கே தெரிகின்றது. வறியவர் இன்னாரெனத் தெரிவதில்லை. அக்குறையை நீக்கும் பணி ஹைனுக்கென விடப்பட்டிருந்தது.

லூயிஸ் ஹைன் 1874-ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரிலே பிறந்தவர். தந்தையார் விபத்தொன்றில் இறந்தபின், இளைஞராயிருந்த அவர் தளபாடத் தொழிற்சாலையொன்றிற் சேர்ந்தார். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம், கிழமையில் ஆறு நாள் உழைத்து அவர் பெற்ற கூலி 4 டொலர். பின்னர் அரிதின் முயன்று ஆசிரியப் பயிற்சி பெற்று, 1901-இல் நியூயோர்க்கில் உள்ள ஒழுக்கநெறிப் பண்பாட்டுப் பாடசாலையில் இயற்கைப் பாடம் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். கமராவை அவர் தேடிச் செல்லவில்லை. அவரது கையில் அதனைக் கொடுத்தவர் அப்பாடசாலையின் தலைவராயிருந்த பிராங் மனி. கப்பலிலே வந்திறங்கும் குடியேறிகளை மாணவர் இகழாது மதித்தல் வேண்டும் என்பது மனியின் விருப்பம். ஆகவே 1904 தொடக்கம் ஹைன், துறைமுகத்து எல்லிஸ் தீவிற்குச் சென்று அம்மக்களைப் படம் பிடித்தார். 1907-ஆம் ஆண்டில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அத்தீவைக் கடந்து சென்றனர் என்றால், அங்கிருந்த நெருக்கடியை ஒருவாறு உணரலாம். முக்காலியை நாட்டிக் கண்ணாடித் தகட்டைச் செருகி, மொழி தெரியாத ஒருவரைச் சைகையாலே நிற்கச் செய்து, மகனீசியத் தூளைக் கொளுத்துமுன் கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கொளுத்தியபின் எழும் புகையினால் இரண்டாவது படத்துக்கு இடமேயில்லை. ஒரே முறையிற் பிழையின்றி அமைக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வாய்த்தது.

1908-இல் அவர் ஆசிரியத் தொழிலை விட்டுத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவிலே முழுநேரப் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். பஞ்சாலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள், மீன் தகரத்திலடைக்கும் கொட்டில்கள் எனச் சிறுவர் உழைத்த இடங்களுக்கெல்லாம் சென்றார். உரிமையாளர் அவரை விரும்பி வரவேற்றாரல்லர். சில இடங்களில் வேதப்புத்தகம் விற்பவராகவும், சில இடங்களில் தபாலட்டை வியாபாரியாகவும், வேறு சில இடங்களில் பொறிகளைப் படம் பிடிக்க வந்தவராகவும் நடித்து உள்ளே புகுந்தார். உட்புக இயலாதவிடத்து வாயிலிலே காத்துநின்று, வேலை மாறும் நேரத்தில் வெளிவரும் சிறுவரைப் படம் பிடித்தார். தம் மேலங்கியின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் உள்ளது என்பதை அவர் முன்னரே அளந்து வைத்திருந்தார். குழந்தை அருகில் வந்து நிற்கும்போது அதன் தலை எந்தப் பொத்தானுக்கு நேராகின்றது என நோக்கி, சட்டைப் பைக்குள்ளே கையை விட்டு அங்கேயே குறித்துக்கொள்வார். மேற்பார்வையாளர் கண்ணெதிரிலேயே இது நிகழ்ந்தது.

இவ்வாறு எழுதிய குறிப்புகள் இன்றும் படங்களுடன் வொஷிங்டனில் உள்ள கொங்கிரஸ் நூலகத்திலே பேணப்படுகின்றன. 1908 டிசெம்பரில் வட கரொலைனாவின் விட்னெல் என்னும் ஊரிலே எடுத்த படமொன்றின் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம். அச்சிறுமியின் உயரம் 51 அங்குலம். ஆலையில் அவள் ஓராண்டு வேலை செய்திருக்கின்றாள். சில வேளை இரவிலும் உண்டு. நாட்கூலி 48 சதம். வயதைக் கேட்டபோது தயங்கி, நினைவில்லை என்கின்றாள். பின்னர் இரகசியமாக, வேலை செய்யும் வயது தனக்கு இன்னும் வரவில்லை என்றும் ஆயினும் செய்வதாகவும் கூறுகின்றாள். அவ்வாலையின் 50 தொழிலாளருள் ஏறக்குறைய பத்துப் பேர் அவளளவினர். இக்குறிப்பிலே இரக்கம் என்னும் சொல் இல்லை. எண்ணும் இடமும் நாளும் உள்ளன. வழக்குமன்றத்தில் நிற்பவர் பேசுவது போன்ற உரை இது. ஒளிப்படம் பொய் சொல்லாதிருக்கலாம், ஆனாற் பொய்யர் ஒளிப்படம் எடுத்தல் கூடும் என்னும் கருத்தை 1909-இல் தம் பேச்சொன்றிலே எடுத்துக் கூறியவரும் ஹைனே. ஆலை முதலாளிகள் தம் படங்களைப் பொய்யெனச் சாதிப்பர் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகையால் மறுக்கவியலாத விவரங்களை ஒவ்வொரு படத்தோடும் கட்டி வைத்தார்.

எனினும் குறிப்புரையினால் மட்டும் அப்படங்கள் வென்றன என்று கூறுதல் தகாது. அவற்றின் அமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். வளர்ந்தவர் ஒருவர் நின்றபடி தம் கண்ணுயரத்திலிருந்து குழந்தையைப் பார்த்தால், குழந்தை கீழே குறுகித் தோன்றும்; அதன் பின்னே தரைதான் தெரியும். ஹைன் பெரும்பாலும் கமராவைக் குழந்தையின் கண்ணுயரத்துக்கு இறக்கினார். இதனால் இரு பயன்கள் விளைந்தன. குழந்தையின் முகம் பார்ப்பவர் முகத்துக்கு நேர்நேராக வருகின்றது. அதே வேளையில் பொறி அதன் உண்மையான பேருருவோடு குழந்தைக்கு மேலே உயர்ந்து நிற்கின்றது. நூற்புப் பொறிகளின் நீண்ட வரிசைகள் படத்தின் ஆழத்தை நோக்கி ஒருங்கு குவிந்து செல்வதால், இவ்வொரு குழந்தையோடு காரியம் முடியவில்லை, இவ்வரிசை நெடுந்தூரம் செல்கின்றது என்னும் எண்ணம் சொல்லாமலே பிறக்கின்றது. வில்லையின் துவாரத்தை அகலத் திறந்து வைத்தமையால் முகம் கூர்மையாகவும் பின்புலம் சற்றே மங்கியும் விழுகின்றன. அத்துவாரத்தை அவர் அகற்றியது மங்கிய ஒளிக்காகவே. ஆயினும் நெருக்கடியினால் நேர்ந்ததைப் பொருளுள்ளதாக ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இருந்தது.

சட்டத்தின் கீழ் எல்லையைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறலாம். 1909-இல் ஜோர்ஜியாவின் மேக்கன் நகரத்து ஆலையில் எடுத்த படமொன்றிலே இரு சிறுவர், அறுந்த நூலை முடியவும் வெறுங் கதிர்களை மாற்றவும் எட்டாமையால், ஓடிக்கொண்டிருக்கும் பொறியின்மேல் ஏறி நிற்கின்றனர். அவர்களின் கால்களிற் செருப்பில்லை. இக்கலையைப் பயிலும் மாணவர் ஒரு காகிதத் துண்டினால் அப்படத்தின் கீழ்ப்பகுதியை மறைத்துப் பார்ப்பாராக. பொறியருகே நிற்கும் இரு பையன்கள் எஞ்சுவர், குற்றம் மறைந்துவிடும். முகத்தை நெருங்கி எடுப்பதே உணர்ச்சியைக் காட்டும் வழி எனக் கருதுவோர், அவ்வெறுங்காலிலே எவ்வளவு செய்தி அடங்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

இப்படங்கள் துண்டுப் பிரசுரங்களாகவும், சுவரொட்டிகளாகவும், விளக்குத் திரைப் படங்களாகவும் நாடெங்கும் சென்றன. 1916-இல் அமெரிக்கக் கொங்கிரஸ், 14 வயதுக்குட்பட்டோர் உழைக்கும் ஆலைகளின் பண்டங்கள் மாநிலம் விட்டு மாநிலம் செல்வதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் வட கரொலைனாவில் ஆலையில் உழைத்த இரு பையன்களின் தந்தையே அதனை எதிர்த்து வழக்காடினார். 1918-இல் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. நிலைபெற்ற சட்டம் வர 1938 ஆயிற்று. ஒளிப்படம் கண்டவுடன் உலகம் திருந்திவிடும் என எண்ணுவோருக்கு இவ்விடைக்காலத்தின் நீளம் நினைவிலிருத்தல் நல்லது.

இனி மாணவரிடம் வருவோம். போல் ஸ்ட்ராண்ட் 1890-இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். ஒழுக்கநெறிப் பண்பாட்டுப் பாடசாலையில் ஹைன் நடத்திய ஒளிப்பட வகுப்பிலே சேர்ந்தபோது அவருக்கு 17 வயதளவு. ஹைன் தம் மாணவருக்குக் கமராவை இயக்கவும் இருட்டறை வேலை செய்யவும் கற்பித்ததுடன் அமையவில்லை. ஐந்தாம் வீதியில் 291-ஆம் இலக்கக் கட்டடத்தில் அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய சிறு கலைக்கூடத்துக்கும் அவர்களை அழைத்துச் சென்றார். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்கொத்லாந்திலே படமெடுத்த ஹில், அடம்சன் என்போரின் ஆக்கங்கள் முதலாகச் சமகாலத்தார் படங்கள் வரை தொங்கின. ஸ்ட்ராண்ட் தாம் ஒளிப்படக் கலைஞராவது என்று உறுதிகொண்டது அன்றே. தம்முடைய வழியும் அக்கூடத்தின் வழியும் வேறு வேறு என்பதை ஹைன் அறியாதவரல்லர். அங்கு கலை கலைக்காகவே போற்றப்பட்டது. அவரோ ஆலை வாயிலை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இருந்தும் மாணவரை அங்கே அழைத்துச் சென்றார். நல்லாசிரியர் இயல்பு அதுவாகும்.

ஸ்ட்ராண்ட் தொடக்கத்தில் அக்காலத்து வழக்கப்படி மென்மையாக மங்கிய படங்களை எடுத்துவந்தார். அவற்றைக் கண்ட ஸ்டீக்லிட்ஸ் கூறிய குறை, படவமைப்பைப் பயிலும் எவருக்கும் பயன்படக்கூடியது. மங்கல் வில்லையினால் எல்லாப் பொருள்களும் ஒரே பொருளாற் செய்தவை போலாகின்றன; புல்லும் நீரும் மரப்பட்டையும் தத்தம் தன்மையை இழந்துவிடுகின்றன என்றார் அவர். மாணவர் அதனை ஏற்று, துவாரத்தைச் சுருக்கிக் கூர்மையாக எடுக்கத் தலைப்பட்டார். மங்கல் படத்திற் பொருள்கள் தாமே ஒன்றோடொன்று கலந்து இசைந்துவிடும். கூர்மையான படத்திலோ ஒவ்வொன்றும் தனித்து நிற்பதால், அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு முழுவதும் எடுப்பவரைச் சார்கின்றது. இதனைக் கற்பதற்காக அவர் 1916-ஆம் ஆண்டு கோடைகாலத்தில் கனெக்டிகட் மாநிலத்து ஊரொன்றிலே கிண்ணங்களையும் வீட்டு முகப்பில் விழும் நிழல்களையும், அவை இன்னவை என்றே தெரியாதவாறு நெருங்கி எடுத்தார். பிக்காசோ, பிராக் முதலியோரின் ஓவியங்கள் எவ்வாறு ஒருமை பெறுகின்றன என அறியும் முயற்சி அது. அப்படங்கள் தம்மளவிற் சிறந்தன என்பார் உளர். அவை பயிற்சித்தாள்கள் என்பதே பொருந்தும். அவற்றின் பலன் மனிதரை எடுத்த படங்களிலே தெரிகின்றது.

1915-இல் எடுத்த ‘வோல் ஸ்ட்ரீட்’ என்னும் படத்திற் பெருவங்கியொன்றின் சுவர் படத்தின் பெரும்பகுதியை அடைத்து நிற்கின்றது. அதில் ஆழ்ந்த கருஞ் சதுரங்களாகச் சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் அடியிலே, காலை வெயிலில் நீண்ட நிழல்களோடு, வேலைக்குச் செல்வோர் சிறு புள்ளிகளாக நடக்கின்றனர். ஹைன் குழந்தையையும் பொறியையும் அருகருகே நிறுத்தி அளவு காட்டினார் அல்லவா? மாணவர் அவ்வளவையே ஒரு நகரத்துக்கு விரித்துவிட்டார்.

அடுத்த ஆண்டு எடுத்த ‘கண்ணிழந்த பெண்’ என்னும் படமோ பலமுறை வாதிக்கப்பட்டது. தெருவிலே பொருள் விற்கும் பெண்ணொருத்தி. ஒரு கண் மூடியும் மறுகண் ஒருபுறம் திரும்பியும் உள்ளன. கழுத்திலே, கண்ணில்லாதவள் எனப் பெரிய எழுத்தில் அறிவிக்கும் அட்டை. அதன் மேலே 2622 என்னும் இலக்கமுடைய நகரசபை அனுமதி வில்லை. பின்னால் வெறுங் கற்சுவர். சட்டம் இறுக்கமானது, முகம், எழுத்து, இலக்கம் ஆகிய மூன்றுக்குமன்றி அதில் இடமில்லை. அமைப்பு என்னும் வகையில் இதனைக் குறைகூற இயலாது. ஆனால் இக்காலத்துத் தெருப்படங்களை எடுக்க ஸ்ட்ராண்ட், கமராவின் பக்கத்திலே பளபளக்கும் பொய்வில்லையொன்றைப் பொருத்தியிருந்தார். கமரா வேறு திசையை நோக்குவதாகக் கண்டோர் எண்ணுவர். மெய்வில்லை அவர்களையே நோக்கியிருக்கும். காணவியலாத பெண்ணிடத்தும் மறைந்து நின்றே அவர் எடுத்தார். மக்கள் தம்மியல்பில் இருத்தலைப் பதிய இதுவே வழி என்று வாதிடுதல் கூடும். ஹைனும் வஞ்சித்தவர்தாமே எனவும் கேட்கலாம். ஆம், ஆயினும் ஹைன் ஏய்த்தது மேற்பார்வையாளரை. குழந்தைகளிடம் அவர் தம் கமராவை மறைக்கவில்லை. அவர்களுட் பலர் அதனை நேரே நோக்கி நிற்கின்றனர். இருவகை மறைவுகளும் ஒன்றல்ல. ஸ்ட்ராண்டின் படம் கலையுலகிற் பெரும்புகழ் பெற்றது. ஸ்டீக்லிட்ஸ் தம் இதழின் இறுதிப் பகுதியை 1917-இல் அவருக்கெனவே ஒதுக்கினார். அப்பெண் அறிந்து இசைந்தாளா என்னும் வினா மட்டும் இன்றுவரை அப்படத்தோடு கூடவே வருகின்றது.

அமைப்புக்கும் சாட்சியத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு நுண்ணியது என்பது 1936-இல் நாடறிய வெளிப்பட்டது. வறட்சியினால் நொடித்த உழவரின் நிலையை அரசாங்கத்தின் சார்பிற் பதியும் பணியை நடத்தியவர் றோய் ஸ்ட்ரைக்கர். அவரிடம் முன்பு பல்கலைக்கழகத்திற் பயின்ற ஆதர் றொத்ஸ்டீன் என்னும் இளைஞர், தென் டகோட்டாவிலே வெடித்த நிலத்தில் மாட்டுத் தலையோடொன்றைக் கண்டு படம் பிடித்தார். நிழல் நன்கு விழுவதற்காக அதனைப் பத்தடி அளவு நகர்த்தி மேலும் சில படங்கள் எடுத்தார். அது தேர்தலாண்டு. எதிர்க்கட்சிச் செய்தித்தாள்கள் அதனைப் பிடித்துக்கொண்டு, வறட்சியே அரசாங்கத்தின் கற்பனை என்பதுபோல ஆரவாரித்தன. வறட்சி மெய், தலையோடும் மெய், நகர்த்தியதும் மெய். ஓவியப் பயிற்சியிற் குற்றமில்லாத ஒரு செயல், சாட்சியம் என்று வந்தவிடத்துப் பெருங்கேடாயிற்று. ஹைன் ஏன் நாளையும் ஊரையும் அங்குலத்தையும் எழுதிவைத்தார் என்பது அன்று பலருக்கு விளங்கியிருக்கும்.

விளங்கியும் ஹைனுக்கு நன்மையில்லை. 1920-களில் தாம் பங்குகொண்ட பொருளியற் பாடநூலுக்கு ஹைனின் படங்களைத் திரட்டிச் சேர்த்த அதே ஸ்ட்ரைக்கர், தம் குழுவில் வேலை வேண்டி முதுமையில் அவர் விண்ணப்பித்தபோது இடங்கொடுக்கவில்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தபோது, 1930-31-இல், வானளாவிய இரும்புச் சட்டங்களில் ஏறித் தொழிலாளரைப் படம் பிடித்த அம்மனிதர் 1940-இல் வீட்டையும் இழந்து வறுமையில் இறந்தார். அவரது படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் ‘ஃபோட்டோ லீக்’ என்னும் நியூயோர்க் சங்கம் ஏற்றுக் காத்தது. அச்சங்கத்தின் ஆதரவாளருள் ஸ்ட்ராண்டும் ஒருவர். 1951-இல் அரசியல் நெருக்குதலினால் அது கலைந்தபின், அத்தொகுதி நவீன கலைக்கூடத்தால் ஏற்கப்படாது, றொச்செஸ்டர் நகரத்து ஜோர்ஜ் ஈஸ்ட்மன் இல்லத்தைச் சேர்ந்தது.

அதே அரசியற் சூழலிலே ஸ்ட்ராண்ட் அமெரிக்காவை விட்டுப் பிரான்சிற் குடியேறினார். 1953-இல் இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலுள்ள லுசாரா என்னும் ஊருக்குச் சென்றார். திரைக்கதை எழுத்தாளர் செசாரே சவத்தீனி பிறந்த ஊர் அது. பெரிய கமராவையும் முக்காலியையும் எல்லாரும் காண நாட்டினார், பொய்வில்லை இல்லை. ஊரவர் தம் வாழ்க்கையைப் பற்றித் தம் வாயாற் கூறியவற்றைச் சவத்தீனி திரட்டிப் படங்களுக்கு அருகே வைத்தார். நூல் 1955-இல் வெளிவந்தது. அதிலுள்ள படமொன்றிலே வீட்டு வாயிலின் நடுவில் முதிய தாயொருத்தி நிற்கின்றாள். ஐந்து ஆண்மக்கள் அவளைச் சூழ, நின்றும் இருந்தும், ஒவ்வொருவரும் தத்தம் இடத்திலே அமைதியாக உள்ளனர். ஒருபுறம் துவிச்சக்கர வண்டியொன்று. சுவரின் பூச்சும், கதவின் இருளும், வெறுங்கால்களும் சட்டத்துள் அடங்கியுள்ளன. தந்தை அப்படத்தில் இல்லை. அவர் ஏன் இல்லை என்பதைத் தாயின் சொற்கள் அருகிலே கூறுகின்றன.